சுவரோவியப் புதிர் கேச்: ஓவியம் அருமை, கணக்குதான் இடிக்கிறது

ஜியோகேச்சிங்கில் (யாரோ ஒளித்துவைத்த டப்பாவை, அதாவது கேச்சை, ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் பிடிக்கிற விளையாட்டு) நீலக் கேள்விக்குறி போட்ட, புதிரை விடுவித்தால்தான் இடம் தெரிகிற மிஸ்டரி கேச் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி, பாதிக்கு மேல் வீட்டிலேயே உட்கார்ந்து சுடோகு மாதிரி எதையோ போட்டுவிட்டு டப்பாவை எடுக்க மட்டும் வெளியே கிளம்புகிற கதைதான். இது அப்படி இல்லை. மேப்பில் குறித்த இடத்தில் டப்பா கிடையாது, ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க வரைந்த ஓவியம் நிற்கிறது. பறவைகள் எத்தனை, மூடிய ஜன்னல்கள் எத்தனை, குடைக்காரியின் கையில் எத்தனை விரல் தெரிகிறது என்று எண்ணி, அந்த எண்களை அட்சரேகை, தீர்க்கரேகையில் விட்டிருக்கும் காலி இடங்களில் நிரப்ப வேண்டும்.

கேள்விகள் போட்டவருக்கு நல்ல கண். ஓவியர் சுவரில் இருந்த தண்ணீர்க் குழாயையும் பெயர்ந்த பூச்சையும் விடாமல் படத்துக்குள் இழுத்திருக்கிறார், சில பறவைகள் குழாயின் வளைவில் ஒட்டி இருப்பதால் பக்கவாட்டில் நின்றால்தான் தெரியும். நேரே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அப்புறம் எண்ணிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஆப்புதான். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

குறை எங்கே என்றால், ஓவியத்தின் கீழ்ப்பகுதியில் யாரோ ஸ்ப்ரே பெயின்ட்டில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ஜன்னல்களில் சில அதற்குள் போய்விட்டன. தெருவில் வரைந்த படம் என்றால் இது நடக்கத்தான் செய்யும், சரி. ஆனால் அந்த ஜன்னல் எண்ணிக்கைதான் அட்சரேகை நிமிடத்தின் முதல் தசம இலக்கம்! மூன்றாவது இலக்கத்தில் ஒன்று தப்பினால் 2 மீட்டர்கூட வராது, போன் ஜிபிஎஸ்ஸே அதைவிட அதிகமாக ஆடும். முதல் இலக்கத்தில் ஒன்று தப்பினால் 185 மீட்டர், வேறு தெருவில் போய் நிற்பீர்கள். விடையைச் சரிபார்க்க ஆன்லைன் செக்கரும் இல்லை, இலக்கங்களின் கூட்டுத்தொகையும் தரவில்லை. சுவர் சுத்தமாக இருந்தபோது எடுத்த போட்டோ ஒன்றைப் பக்கத்தில் போட்டாலே போதும், கேச்சைப் பராமரிப்பது அதை வைத்தவரின் பொறுப்புதானே.

டிஃபிகல்ட்டி (எவ்வளவு கஷ்டம் என்று ஐந்துக்குப் போடும் மதிப்பு) 2.5 என்று இருக்கிறது, இப்போதைய நிலைமைக்கு 3.5 தாராளமாகக் கொடுக்கலாம். டப்பா காந்தம் ஒட்டிய மைக்ரோ, அதாவது ரொம்பச் சின்ன வகை, ஒளித்த இடம் சுமார் ரகம், ஆள் நடமாட்டம் வேறு. என் மார்க் ஐந்துக்கு மூன்றரை, செக்கர் வைத்தால் நாலரை. பகலில் போங்கள், பேனா கொண்டுபோங்கள், உள்ளே கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதுகிற லாக் பேப்பர் மட்டும்தான் இருக்கிறது.