சொகுசு செடானுக்குப் பெரிய வீலா, தாழ்ந்த ஸ்பிரிங்கா: சென்னை ரோட்டுக்கு எது தாங்கும்?

பள்ளத்தில் விழும் அடியை ஒரு கார் இரண்டு இடங்களில் வாங்கிக்கொள்கிறது. ஒன்று டயரின் பக்கச்சுவர், இன்னொன்று சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம். பெரிய வீல் போட்டால் முதலாவது குறையும். காரைத் தாழ்த்தினால் இரண்டாவது குறையும். வீல் விற்பவர் வீலைப் பற்றி மட்டும் பேசுவார், ஸ்பிரிங் விற்பவர் ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் பேசுவார். சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டியது காரின் சொந்தக்காரர்தான். சென்னையிலேயே தினமும் ஓடும் காருக்கு என் கட்சி இதுதான்: இரண்டில் ஒன்றில் மட்டும் கை வையுங்கள்.

கணக்குக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பென்ஸ் இ-கிளாஸ், நீள வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) கொண்ட 213 தலைமுறை. இதற்குப் பொருந்தும் 17 இஞ்ச் டயர் 225/55, அதாவது அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் அதில் 55 சதவீதம். பக்கச்சுவர் சுமார் 124 மி.மீ. 18 இஞ்சுக்கு 245/45 போட்டால் 110. 19 இஞ்சுக்கு 245/40, அதாவது 98. 20 இஞ்சுக்கு 245/35, வெறும் 86. நான்கிலும் டயரின் மொத்த விட்டம் 678 முதல் 680 மி.மீ.க்குள் அடங்கிவிடும். அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, ஏபிஎஸ்ஸும் குழம்பாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. மொத்த விட்டம் மாறாததால், டயருக்கும் அதன் மேலே வளையும் தகடான ஃபெண்டருக்கும் நடுவே தெரிகிற இடைவெளியும் மாறாது. 20 இஞ்ச் போட்டால் அந்த இடைவெளி நிரம்பிவிடும் என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள், காரை வெளியே எடுத்த பிறகுதான் அது அப்படியே இருப்பதைப் பார்க்கிறார்கள். ரப்பர் மெலிந்து உலோகம் பெரிதானதால் இடைவெளி முன்பைவிடத் தூக்கலாகக்கூடத் தெரியும். அதைக் குறைக்க ஒரே வழி தாழ்த்துவதுதான். ஆக, உங்கள் கண்ணை உறுத்துவது வீலா, இடைவெளியா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வீல்தான் என்றால், 18க்கும் 19க்கும் நடுவில்தான் உண்மையான போட்டி. 18 இஞ்ச் இந்த ஊருக்குச் சொகுசாகவே இருக்கும். 19 இஞ்ச் பார்க்க அழகு. ஸ்டீயரிங் கொஞ்சம் கூர்மையாகும், ரோட்டில் உள்ள ஒவ்வொரு ஒட்டும் இருக்கையில் தெரியும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய போரூர், வடபழனி பக்கத்து ரோடுகளில் தினமும் போகிறவர் 18உடன் நின்றுகொள்வது நல்லது. ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மட்டும் போதும் என்பவர் 19க்குப் போகலாம். 20 இஞ்ச்? மழைக்காலத்தில் தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பது யாருக்கும் தெரியாது. 86 மி.மீ. பக்கச்சுவர் ஒரு கூரான விளிம்பில் மோதினால் ரப்பர் ரிம்முக்கும் பள்ளத்துக்கும் நடுவே நசுங்கி உள்நூல் அறுந்து பப்பிள் (வீக்கம்) விடும், அல்லது ரிம் வளையும். நவம்பர் மாதத்தில் எந்த டயர் கடைக்காரரையும் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்.

அளவைவிட வீலின் தரம் முக்கியம். சாதாரண வார்ப்பு வீல் விலை குறைவு, எடை அதிகம். ஃப்ளோ ஃபார்ம்டு வீலில் வெளி வளையத்தை உருட்டி இழுத்து இறுக்கியிருப்பார்கள். எடையும் குறையும், வளைவதும் குறையும். ஃபோர்ஜ்டு இரண்டையும்விட உறுதி, விலையும் அதற்கேற்ற மாதிரி. 19 இஞ்சில் மலிவான ரெப்ளிகா வார்ப்பைவிட, கம்பெனியே அந்த மாடலின் மேல் வேரியன்டுக்குக் கொடுக்கிற 18 இஞ்ச் வீலை நான் தேர்ந்தெடுப்பேன். டயரில் லோடு இண்டெக்ஸ் (அது தாங்கும் எடைக்கான எண்) பழையதற்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மெல்லிய டயர்களில் எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்குவது) என்று போட்டிருப்பதை வாங்கினால்தான் பெரும்பாலும் அது சரிப்படும்.

போல்ட் விஷயத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. பென்ஸிலும் ஆடியிலும் வீலில் உட்காரும் போல்ட் தலையின் அடிப்பகுதி உருண்டை, பி.எம்.டபிள்யூவில் கூம்பு. வெளியில் கிடைக்கும் வீல்கள் பெரும்பாலும் கூம்புக்குத்தான் குடையப்பட்டிருக்கும். அதில் பென்ஸின் ஒரிஜினல் போல்ட்டைப் போட்டு முறுக்கினால் மெல்லிய ஒரு வளையம் மட்டுமே பிடிக்கும்; நாளாக ஆகத் தளரும். ஐந்து போல்ட், அவற்றின் துளைகள் அமைந்த 112 மி.மீ. வட்டம் என்பது மட்டும் ஒத்துப்போனால் போதாது. வீலின் நடுத்துளையும் ஹப்பில் (காரில் வீல் மாட்டும் நடுப்பகுதி) இறுக்கமாக உட்கார வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். மாட்டி 100 கி.மீ. ஓடுவதற்குள் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை மறுபடி சோதித்துவிடுங்கள்.

சரி, இடைவெளிதான் உறுத்துகிறது என்பவருக்கு வருவோம். மலிவான வழி ஸ்பிரிங்கை கிரைண்டரால் வெட்டுவது. இதை ஒரு தேர்வாகவே நான் எண்ணவில்லை. சுருள் குறைந்தால் ஸ்பிரிங் கெட்டியாகும், வெட்டிய முனை ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்தில் சரியாக உட்காராது, ஷாக் அப்சார்பர் இந்தக் கெட்டித்தனத்துக்கு ஈடுகொடுக்காது.

ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற கம்பெனிகளின் லோயரிங் (தாழ்த்தும்) ஸ்பிரிங்குக்கும், உயரம் மாற்றக்கூடிய ஷாக்-ஸ்பிரிங் செட்டான காயிலோவருக்கும் நடுவே தேர்வு எளிது. ஒரே உயரம் போதும், ஒருமுறை மாட்டிவிட்டு மறந்துவிட வேண்டும் என்றால் ஸ்பிரிங். 25 முதல் 30 மி.மீ. தாழ்ந்தால் போதும், அதைத் தாண்டினால் ஒரிஜினல் ஷாக் அமுங்க இடமில்லாமல் அடிக்கடி பம்ப் ஸ்டாப்பில் (கடைசியில் தடுக்கும் ரப்பர்) முட்டி, சீக்கிரம் ஓய்ந்துவிடும். காயிலோவரில் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வருவதால் ஓட்டம் நன்றாக இருக்கும், உயரத்தையும் மரையைத் திருகி மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், அதனால் யாரும் இரண்டாவது தடவை மாற்றுவதில்லை. பெசன்ட் நகர், நீலாங்கரை மாதிரி கடலை ஒட்டிய வீடு என்றால் உப்புக்காற்றில் மரை இறுகிப்போகும். கேடபிள்யூ கம்பெனியுடையது போலத் துருப்பிடிக்காத எஃகில் செய்ததை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டு வழியிலும் காரின் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறும், டோ (சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருப்பது) மாறும். அலைன்மென்ட் செய்யாமல் விட்டால் டயரின் உள்விளிம்பு வெளியே தெரியாமல் தேய்ந்து கம்பி வந்துவிடும்.

ஏர் சஸ்பென்ஷன் தனி ஜாதி. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை, டிக்கியில் கம்ப்ரஸரும் டேங்கும். நிறுத்தும்போது தரையோடு தரையாக இறக்கலாம், ஸ்பீடு பிரேக்கர் வந்தால் ஏற்றலாம். காகிதத்தில் சென்னைக்காகவே செய்தது மாதிரி இருக்கிறது. செலவு லட்சங்களில் போகும் என்பது ஒருபுறம். நம் ஈரக்காற்றை அமுக்கும்போது டேங்கில் தண்ணீர் சேரும். அதை வடிக்காவிட்டால் வால்வு கெடும். ஸ்டெப்னியின் இடமும் போகலாம். கம்பெனியிலேயே ஏர் சஸ்பென்ஷன் வந்த காரில் உயரத்தை அளக்கும் சென்சாரின் இணைப்புக் கம்பியை மட்டும் நீளம் மாற்றிப் போட்டுத் தாழ்த்தித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். கணினிக்குப் பொய் உயரம் காட்டும் வேலை இது. காற்றுப் பை மடியக்கூடாத இடத்தில் மடிந்து தேயும். பல கார்களில் அதே சென்சாரை நம்பித்தான் ஹெட்லைட்டும் மேலும் கீழும் பார்க்கிறது. செலவு குறைவு என்று இதில் இறங்காதீர்கள்.

ஸ்பீடு பிரேக்கரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ரோடுகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய ரோடு காங்கிரஸின் விதிப்படி கட்டிய மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம். நம் இ-கிளாஸின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 3,079 மி.மீ. இரண்டு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்பதால், நடு வயிற்றுக்குக் கீழே சுமார் 70 மி.மீ. இடைவெளி இருந்தாலே தாண்டிவிடும். தெருவாசிகள் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட அரை மீட்டர் அகல மேட்டில் இந்தச் சலுகை கிடையாது: மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவும் வயிற்றுக்கடியில் வேண்டும், அதுவும் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து கார் அமுங்கிய பிறகு. செங்கல்பட்டு பக்கத்து மகேந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்களை அசெம்பிள் செய்கிறது; அங்கிருந்து வெளியே வரும் கார் தொழிற்சாலை உயரத்திலேயே நம் மேடுகளிடம் பயந்துதான் போகும். 30 மி.மீ. எடுத்துவிட்டால் அடுக்குமாடியின் பேஸ்மென்ட் சரிவில் கோணலாகத்தான் இறங்க வேண்டியிருக்கும். வழக்கமாகப் போகும் இடங்களில் கார் நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு ஒருமுறை மெதுவாக ஓட்டி, இப்போதே எங்கே தட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் ஸ்பிரிங்குக்கு ஆர்டர் கொடுப்பேன்.

ஆக என் வரிசை: முதலிடம் ஒரிஜினல் உயரத்தில் நல்ல 18 அல்லது 19. அடுத்தது ஒரிஜினல் வீலோடு 25 மி.மீ. ஸ்பிரிங். மூன்றாவது காயிலோவர், நிஜமாகவே வேகமாக ஓட்டுகிறவருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போகிறவருக்கும். 20 இஞ்சும் தாழ்வும் சேர்ந்து வேண்டும் என்றால் ஏர் மட்டுமே, அதுவும் வீட்டில் இன்னொரு கார் இருந்தால்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து வண்டி விலகக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொன்னது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி சட்டவிரோதமான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனியே அதே மாடலுக்குக் கொடுக்கும் வீல் அளவில் நின்றுகொள்வது இந்த வகையிலும் நிம்மதி. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் வெடித்தால் பணம் வராது. வண்டிக்கும் சேர்த்து அடிபட்டால்தான், அதுவும் டயர் விலையில் பாதிதான்.

கழற்றிய ஸ்பிரிங்கையும் வீலையும் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் போட்டுவிட்டு வராதீர்கள். துணி சுற்றி வீட்டிலேயே வையுங்கள். விற்கும்போது ஒரிஜினலோடு கேட்கிறவர்தான் நல்ல விலை கொடுப்பார்.