கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: விளையாட்டா, இயற்பியல் பட்டறையா?

ராக்கெட் கட்டி விண்ணில் ஏவும், 2015இல் முழுப் பதிப்பாக வந்த இந்தக் கணினி விளையாட்டைப் பொழுதுபோக்குக்காக வாங்கினால் முதல் சில மணி நேரம் எரிச்சல்தான் மிஞ்சும். ஆனால் சுற்றுப்பாதை இயக்கவியல் (கலங்கள் கோள்களைச் சுற்றும் விதம்) புரிய வேண்டும் என்றால் இதைவிடத் தோதான கருவி கிடைப்பது கஷ்டம்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, ராக்கெட்டை நேராக மேலே ஏற்றுவது. விளையாட்டின் கற்பனைக் கோளான கெர்பினின் வளிமண்டலம் 70 கி.மீ.யில் முடிகிறது; அதைத் தாண்டினாலும் கலம் திரும்ப விழும். சுற்றுவதற்குத் தேவை உயரம் அல்ல, நொடிக்குச் சுமார் 2,300 மீட்டர் பக்கவாட்டு வேகம். வேகம் நொடிக்கு 100 மீட்டரை நெருங்கும்போதே கிழக்கே மெல்லச் சாய்க்கத் தொடங்குங்கள். பாதையின் உச்சி 80 கி.மீ. ஆனதும் எஞ்சினை அணைத்துவிட்டு, உச்சியை நெருங்கும்போது கலத்தைக் கிடைமட்டமாகத் திருப்பி எஞ்சினை மீண்டும் இயக்குங்கள். கீழே துடுப்பு இல்லாத ராக்கெட் குட்டிக்கரணம் போடும். பாராசூட்டும் எஞ்சினும் ஒரே அடுக்கில் (ஒரே நேரத்தில் இயங்கும் தொகுதியில்) இருந்தால், கிளம்பும்போதே பாராசூட் விரியும் (சிரிப்பு வரும், பாடமும் பதியும்).

குறை உண்டு. கெர்பினின் ஆரம் 600 கி.மீ. மட்டுமே, பூமியின் ஆரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதனால் எண்களை நிஜத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. கலத்தின் மீது ஒரு நேரத்தில் ஒரே வான்பொருளின் ஈர்ப்பைத்தான் கணக்கிடுகிறது. அதனால் லக்ராஞ்சு புள்ளிகளை (இரண்டு வான்பொருள்களின் ஈர்ப்பும் சுற்று இயக்கமும் சமன்படும் இடங்களை) கற்பிக்க இது உதவாது. பாகங்கள் நூற்றுக்கணக்கில் கூடினால் கணினியும் திணறும்.