அலர்ஜி இருக்கற வீட்ல லேபிள்ல எதை நம்பறது: முன்பக்கமா, 'கன்டெய்ன்ஸ்' வரியா, சேர்த்த பொருளோட முழு லிஸ்ட்டா?

வீட்ல ஒருத்தருக்கு பால் அலர்ஜி, இன்னொருத்தருக்கு லாக்டோஸ் ஒத்துக்காதுன்னா, ரெண்டும் ஒண்ணுதானேன்னு ஒரே பாக்கெட்டை வாங்கி வச்சிடறாங்க. ரெண்டும் வேற வேற. அலர்ஜின்னா பால் புரதத்தை பார்த்து உடம்போட எதிர்ப்பு சக்தி கிளம்பறது, துளி உள்ள போனாலே சிலருக்கு மூச்சுத்திணறல் வரைக்கும் போயிடும். லாக்டோஸ் பால்ல இருக்கற சர்க்கரை, அதை செரிக்கற லாக்டேஸ்ங்கற என்சைம் பத்தலைன்னா வயிறு உப்பும், பேதியாகும், அவஸ்தைதான், ஆனா கொஞ்சமா சாப்பிட்டா நெறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஒருத்தருக்கு துளி கூட ஆகாது, இன்னொருத்தருக்கு அளவுதான் கணக்கு, அதனால ஒரே லேபிளை ரெண்டு பேருக்கும் ரெண்டு விதமா படிக்கணும்.

முதல்ல முன்பக்கம். 'லாக்டோஸ் ஃப்ரீ'ன்னு பெருசா போட்டிருந்தா லாக்டோஸ் ஒத்துக்காதவருக்கு அதுவே போதும், திருப்பிக்கூட பாக்க வேணாம். பால் அலர்ஜி இருக்கறவருக்கு அதே பால் ஆபத்து, ஏன்னா லாக்டேஸ் என்சைம் போட்டு சர்க்கரையை உடைச்சிருக்காங்க அவ்ளோதான், கேசீன், வே புரதம் எல்லாம் அப்படியே இருக்கு. 'நான்-டெய்ரி'ன்னு (பால் சேராததுன்னு) எழுதின காபி க்ரீமர்ல சோடியம் கேசினேட் இருக்கறதுண்டு, அதுவும் பால்ல இருந்து வர்றதுதான் (அப்புறம் எதுக்குய்யா அந்த பேரு!). 'வீகன்'னு போட்டா பாலை சேர்க்கலைன்னுதான் அர்த்தம், அதே மெஷின்ல பால் ஓடலைன்னு கிடையாது. லாக்டோஸ்காரரோட 'லாக்டோஸ் ஃப்ரீ'யை விட்டா, முன்பக்கத்துல நான் ஓரளவு நம்பறது 'க்ளூட்டன் ஃப்ரீ' (க்ளூட்டன்னா கோதுமை, பார்லியில இருக்கற புரதம்) மட்டும்தான், அமெரிக்கா, ஐரோப்பா ரெண்டுலயும் அதுக்கு கிலோவுக்கு 20 மில்லிகிராம்ங்கற எல்லை சட்டத்துலயே இருக்கு. 'கோதுமை இல்லை'ன்னு போட்டதை இதோட குழப்பிக்காதீங்க, அதுல பார்லி மால்ட் இருக்கலாம்.

அடுத்து 'கன்டெய்ன்ஸ்' வரி, அதாவது இதுல இன்ன அலர்ஜிப் பொருள் இருக்குன்னு தனியா சொல்ற வரி. அவசரத்துக்கு இதைவிட வசதி கிடையாது, ஆனா அந்தந்த நாட்டு சட்டம் சொல்ற பட்டியல்ல இருக்கற அலர்ஜிப் பொருளைத்தான் அதுல எதிர்பார்க்கலாம். அமெரிக்காவுல மொத்தம் 9, எள்ளே 2023ல தான் கட்டாயமாச்சு. ஐரோப்பாவுல 14, கடுகு, செலரி எல்லாம் சேரும், லிஸ்ட்லயே எடுப்பா தெரியற மாதிரி அச்சடிக்கணும். அதனால கடுகு ஆகாதவர் அமெரிக்க பாக்கெட்ல அந்த வரியை மட்டும் பார்த்துட்டு எடுத்தா மாட்டிக்குவார். பார்லியும் அந்த 9ல கிடையாது, சீலியாக் (க்ளூட்டன் குடலை பாதிக்கற நோய்) இருக்கறவங்க கவனிங்க. அந்த வரியே இல்லாத பாக்கெட்டும் உண்டு, அமெரிக்காவுல லிஸ்ட்லயே பொருளோட பேர் தெளிவா இருந்தா தனி வரி போடணும்னு கட்டாயமில்ல.

முழு லிஸ்ட்தான் என் ஓட்டு. கண்ணு வலிக்கும், எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், ஆனாலும் ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல பதில் கிடைக்கறது இங்கதான். பொருளெல்லாம் எடை வாரியா இறங்கு வரிசையில இருக்கும், அதனால பால் பவுடர் முதல் மூணுக்குள்ள இருக்கா கடைசியில இருக்கான்னு பார்த்தே லாக்டோஸ்காரர் முடிவு பண்ணலாம். அலர்ஜிக்காரருக்கு வரிசை ஒரு பொருட்டே இல்ல, கடைசியில இருந்தாலும் வேணாம்தான்.

பார்கோடு ஆப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, முதல்ல வடிகட்டறதுக்கு ஓகே, கம்பெனி ஃபார்முலா மாத்தினப்புறம் ஆப்ல பழைய லிஸ்ட்டே கிடக்கலாம்.

இதுல எதுலயும் தீராத சிக்கல் ஒண்ணு இருக்கு, 'மே கன்டெய்ன்' வரி, அதாவது தவறிப்போய் கலந்திருக்கலாம்னு சொல்றது. லாக்டோஸ்காரர் பெரும்பாலும் அதை கண்டுக்க வேணாம், தவறிப்போய் ஒட்டற அளவு அவ்ளோ கம்மி. அலர்ஜிக்காரர் அந்த வரி இருந்தா வச்சிடணும், இல்லைன்னாலும் நிம்மதி ஆக முடியாது, ஏன்னா அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் அதை போடறது கம்பெனி இஷ்டம். கடுமையான அலர்ஜின்னா கம்பெனிக்கே போன் போட்டு, அதே லைன்ல வேற என்ன ஓட்டறீங்க, நடுவுல எப்படி கழுவறீங்கன்னு கேக்கணும், மழுப்பலா பதில் வந்தா வேற பிராண்டு பாத்துக்கறதுதான் நல்லது.