விசுவமடுவிலிருந்து ஒரு மைக் விமர்சனம்: ஷூர் எஸ்எம்58

போன வைகாசியில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு கோயில் பொங்கலில் பாடி முடித்து இறங்கியபோது, மேடை ஓரத்தில் நின்ற ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போனில கேக்கிற அதே குரல்தான் பிள்ளை இங்கயும் கேட்டது" என்றார். அவர் சொன்னதில் பாதிப் புகழ் என் மைக்குக்குச் சேர வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் விசுவமடுவில் இருக்கிறேன். சொந்தமாகப் பாட்டு எழுதி, கிற்றாரோடு பாடுகிறேன். தம்பி டோலக் வாசிக்கிறான். எங்களுக்குக் கம்பனியும் இல்லை, மனேஜரும் இல்லை. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் ஸ்கூட்டியில் போய்வருகிற இரண்டு பேர், அவ்வளவுதான். புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, மாங்குளம், மல்லாவி, நெடுங்கேணி என்று கூப்பிடுகிற இடமெல்லாம் போவோம். கோயில் திருவிழா, சனசமூக நிலைய ஆண்டு விழா, முன்பள்ளி விளையாட்டுப் போட்டி எதையும் விடுவதில்லை. ஓரிடத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்த பெரிய சவுண்ட் செட் நிற்கும். அடுத்த இடத்தில் பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் இரண்டுதான் இருக்கும். சவுண்ட் பார்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிய விசயம். ஸ்பீக்கரையோ மிக்சரையோ ஜெனரேட்டரையோ நான் தேர்ந்தெடுக்க முடியாது. வாய்க்கு முன்னால் இருக்கிற பொருளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம்.

ஷூர் கம்பனி இந்த மைக்கை 1966இல் வெளியிட்டது. பெயரிலுள்ள எஸ்எம் என்பது ஸ்ரூடியோ மைக்ரோபோன் என்பதன் சுருக்கம். ஸ்ரூடியோவுக்கென்று பெயர் வைத்த பொருள் உலகமெங்கும் மேடை மைக்காகிவிட்டது. இது டைனமிக் வகை. உள்ளே ஒரு மெல்லிய சவ்வும் அதோடு ஒட்டிய கம்பிச்சுருளும் காந்தமும்தான். குரலின் அதிர்வில் சுருள் காந்தத்துக்குள் அசைய மின்சைகை பிறக்கிறது. பற்றறி தேவையில்லை, மிக்சரிலிருந்து 48 வோல்ற் அனுப்பவும் தேவையில்லை. பழைய மிக்சரோடு வருகிற சவுண்ட்கார அண்ணாமாருடன் வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று தெரியும்.

இதற்கு முன் ஒரு போலியை வாங்கி ஏமாந்திருக்கிறேன். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். பெட்டி, பை, எழுத்து எல்லாமே அச்சொட்டாக இருந்தன. குரல் மட்டும் தகரப் பேணிக்குள்ளிருந்து வருவது போல வந்தது, கொஞ்சம் சத்தம் கூட்டினால் கூவியது. எனக்குத் தொண்டை சரியில்லையோ என்று இரண்டு மாதம் என்னையே நொந்துகொண்டேன். பிறகு கனடாவிலிருந்து வந்த சித்தியின் மகன் தன் சொந்தக் காசில் உண்மையானதை வாங்கிவந்து தந்தான். இரண்டையும் மரக்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். உண்மையானதன் எடை கம்பனிக் கணக்கில் 298 கிராம், தராசும் ஏறக்குறைய அதைத்தான் காட்டியது. போலி நன்றாகக் குறைந்தது. இந்த மைக்குக்குப் போலிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஆகவே, நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள்.

மேடைக்கு வருவோம். இதன் காது முன்பக்கம்தான் கூர்மை, நேர் பின்னுக்கு மந்தம். அதனால் பாடுகிறவருக்கான ஸ்பீக்கரை மைக்கின் வாலுக்கு நேரே வைக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் வைத்தால் கூவும் வாய்ப்பு அதிகம். இந்த ஒரு விசயத்தை மெல்லச் சொன்னால் எந்த அண்ணாவும் கேட்பார். என் குரல் மெல்லியது. உதட்டை வலையோடு ஒட்டிப் பாடும்போது அடிக்குரல் தானாகக் கனக்கிறது. அருவிவெட்டுப் பாட்டு மெட்டில் நான் எழுதிய ஒரு பாட்டு தாழ்ந்த சுரத்தில் தொடங்கும். அந்த இடத்தில் நெருங்கிப் பாடி, உச்சத்துக்குப் போகும்போது ஒரு சாண் விலகுவேன். இந்த நெருக்கமும் விலகலும் கைக்குப் பழக எனக்கு ஒரு திருவிழாக் காலம் முழுவதும் எடுத்தது. பழகிய பிறகு மிக்சரில் யார் நிற்கிறார் என்ற பயம் போய்விட்டது.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். எங்கள் அறிவிப்பாளர்கள் பலருக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. பொத்தினால் பின்பக்கத்துச் சத்தத்தைத் தவிர்க்கும் வழி அடைபட்டு, மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும், உடனே கூவும். குற்றம் சவுண்ட்கார அண்ணாவின் தலையில் விழும்.

ஓர் ஊரில் முதல் வரி பாட வாய் வைத்தவுடன் உதட்டில் கரண்ட் அடித்தது. மைக்கில் பிழை இல்லை. ஜெனரேட்டருக்கு எர்த் சரியாகப் போடவில்லை, கிற்றார் அம்பிளிபயர் வேறொரு வயரிலிருந்து வந்தது. கை கிற்றார்க் கம்பியில், உதடு மைக்கின் இரும்பு வலையில், நடுவில் நான். அன்றிலிருந்து அம்பிளிபயரையும் மிக்சரையும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்க வைக்கிறேன். வலைக்கு மேலே ஒரு ஸ்பொஞ்ச் உறையும் போடுகிறேன். மழைக்காலத்தில் ஈர நிலத்தில் மேடை போடுகிற இடங்களில் இதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். உயிர் போகிற காரியம்.

இனி ஒலிப்பதிவு. எங்கள் வீட்டு அறைக்குத் தகரக் கூரை. மாரியில் மழை பெய்தால் ஒன்றும் செய்ய முடியாது, மழை விட்டால் தவளை. கோடையில் மயில், பக்கத்து வயலில் லாண்ட்மாஸ்டர். ஒரு நண்பரின் கொண்டென்சர் மைக்கை இரவல் வாங்கிப் பதிந்து பார்த்தேன். என் குரல் மிக அழகாக வந்தது. மயிலும் மிக அழகாக வந்தது. கொண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும், நல்ல அறை இருப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம். எஸ்எம்58 அவ்வளவு நுணுக்கமாகக் கேட்காது. கைப்பிடி தூரத்தில் பாடுகிற குரலைப் பிடித்துக்கொள்ளும், தூரத்துச் சத்தம் பின்னுக்குப் போய்விடும். அலுமாரியைத் திறந்து வைத்து, அதில் தொங்குகிற சீலைகளுக்கு எதிரே முதுகு காட்டி நின்று, இரவு பதினொரு மணிக்குப் பிறகு பாடுகிறேன். லாப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிடுவேன், இல்லாவிட்டால் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் சேரும். இப்படித்தான் ஐந்து பாட்டுகள் வெளிவந்திருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. இதன் சைகை மிகப் பலவீனமானது. மைக்கை லாப்டொப்போடு இணைக்கிற பெட்டிதான் இன்ரர்பேஸ். மலிவான இரண்டு வழி இன்ரர்பேசில் சத்தம் கூட்டும் குமிழைக் கடைசி வரைக்கும் திருக வேண்டியிருக்கிறது, மெதுவாகப் பாடும் வரிகளில் 'ஸ்' என்ற இரைச்சல் கேட்கும். வாங்க முன் இன்ரர்பேஸ் எவ்வளவு பெருக்கும் என்று பாருங்கள், 60 டெசிபல் அளவில் இருந்தால் நல்லது. இது 50 முதல் 15,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். அதனால் கிற்றார்க் கம்பியின் மேல்மினுக்கம் கொஞ்சம் மங்கும். கிற்றாரை இதில் பதியும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். என்னிடமுள்ள மொடலில் ஓன்-ஓஃப் சுவிட்ச் இல்லை, வேண்டுமென்றால் எஸ் என்று முடிகிற மொடலைக் கேட்க வேண்டும். பெட்டிக்குள் கேபிளும் வரவில்லை.

இரசிகர்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சம்தான், ஆனாலும் பாட்டைத் தேடி வருகிற ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். வழி எளிது. பாடி முடித்ததும் என் வட்ஸ்அப் எண்ணைச் சொல்லி, "போனில பதிஞ்சு வையுங்கோ" என்று கேட்பேன். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்புகிற வட்ஸ்அப்பின் புரோட்காஸ்ட் பட்டியலில் ஒருமுறைக்கு 256 பேருக்குத்தான் அனுப்பலாம், அதுவும் நம் எண்ணைப் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும். ஆகவே பதிந்தீர்களா என்று மேடையிலேயே கேட்டு நிற்பேன். ஸ்பொட்டிபை இலங்கைக்கு 2021இல் வந்தது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற உறவுகள் அதில் கேட்கிறார்கள், எங்கள் ஊரில் யூடியூப்பும் வட்ஸ்அப்பும்தான். பொங்கலில் கேட்டவர் வீட்டுக்குப் போய் போனில் போடுகிறார். போனில் கேட்டவர் அடுத்த திருவிழாவுக்கு வருகிறார். இரண்டு இடத்திலும் குரல் ஒன்றாக இருப்பதால்தான் அடையாளம் காண்கிறார். விளம்பரத்துக்குச் செலவழிக்க எங்களிடம் காசில்லை, இந்த அடையாளம்தான் எங்கள் விளம்பரம்.

விலை பற்றி. அமெரிக்காவில் நெடுங்காலமாக 100 டொலரை ஒட்டித்தான் இது இருந்து வந்தது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது எங்களைப் போன்றவர்களுக்கு இது எட்டாக் கனியானது. வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் உடுப்பும் சொக்லேட்டும் வேண்டாம், இதைக் கொண்டுவாருங்கள் என்று கேளுங்கள். நன்றாகப் பார்த்து வாங்கிய பழைய மைக்கும் பரவாயில்லை, ஏனென்றால் இது இலேசில் சாகாது.

என்னுடையது புளியம்பொக்கணையில் மேடையிலிருந்து சீமெந்துத் தரையில் விழுந்து வலை ஒரு பக்கம் நெளிந்தது. அன்றிரவே அதே மைக்கில் இன்னும் நான்கு பாட்டுப் பாடினேன். வலையைக் கையால் திருகிக் கழற்றலாம், புதியது தனியாகவே கிடைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி, உள்ளே இருக்கிற ஸ்பொஞ்சோடு சேர்த்துச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, ஒரு முழுநாள் நிழலில் காயவைத்துப் பூட்டுகிறேன். எங்கள் வீதிப் புழுதிக்கு அது கட்டாயம். ஈரம் முழுதாகப் போகாமல் பூட்டாதீர்கள்.

கேபிள் வாங்கும்போது பத்து மீற்றர் வாங்குங்கள். நான் ஐந்து மீற்றர் வாங்கி, மல்லாவியில் மேடை நடுவுக்கு எட்டாமல் ஓரத்தில் நின்று பாடினேன்.