நொக்கியா 808 பியூர்வியூ: பன்னிரண்டு வருடப் பழக்கம்

அம்மம்மாவின் 31ஆம் நாளுக்குப் பெரிதாக ஒரு படம் அச்சடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் எல்லோரிடமும் புதுப் போன், படங்களுக்கும் குறைவில்லை. ஆனால் எல்லாம் வட்ஸ்அப்பில் கைமாறி வந்தவை. ஸ்டூடியோவில் பெரிதாக்கியதும் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோனது. கடைசியில் கைகொடுத்தது என் பழைய 808தான். 2014இல் வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் அவர் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது 38 மெகாபிக்சலில் எடுத்த படம் அதன் மெமரி கார்ட்டில் அப்படியே இருந்தது. அந்த அளவுப் படத்தை 24க்கு 18 அங்குலம் வரை தரம் குறையாமல் அச்சடிக்கலாம். நாங்கள் 16க்கு 12 அடித்தோம். கண்ணாடிக் காம்பு கழன்ற இடத்தில் அவர் சுற்றியிருந்த கறுப்பு நூல்கூட இழை பிரிந்து தெரிகிறது. அந்த நூலைப் பார்த்துத்தான் அம்மா அழுதார்.

இந்தப் போன் 2012இல் வெளிவந்தது. நான் 2013இல் வாங்கினேன். நாலு வருடம் அதுதான் என் ஒரே போன். 2017இல் இதன் இயங்குதளமான சிம்பியனுக்கு வட்ஸ்அப் நின்றதும் வேறு போனுக்கு மாறி, இதை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது நல்ல கமரா உள்ள புதுப் போனை நினைத்தே பார்க்க முடியவில்லை. அப்போது திரும்ப எடுத்ததுதான். இன்றுவரை கைப்பையில் இருக்கிறது.

இதன் சென்சர், அதாவது வெளிச்சத்தைப் பதியும் சில்லு, 41 மெகாபிக்சல். படமாகக் கிடைப்பது அதிகபட்சம் 38. அந்த 41 என்ற எண்ணைக் கேட்டதும் எல்லோரும் படத்தின் அளவைத்தான் நினைக்கிறார்கள். நான் பெரும்பாலும் எடுப்பது 5 மெகாபிக்சலில். அந்த அளவில் சென்சரின் ஏழு புள்ளிகள் சேர்ந்து படத்தில் ஒரு புள்ளியாகின்றன. ஒரு சம்பவத்தை ஏழு பேரிடம் கேட்டு எழுதினால் ஒருவர் பிழையாகச் சொன்னதும் அமுங்கிவிடும் அல்லவா, அதுபோலத்தான் படத்தில் இரைச்சல், அதாவது மணல் தூவியதுபோல வரும் புள்ளிகள், அடங்கிப்போகிறது. சென்சரும் 1/1.2 அங்குலம், அந்தக் காலப் போனுக்கு மிகப் பெரியது. அதனால் தோல் தோலாகவும் இலை இலையாகவும் இருக்கும். இப்போதைய பல போன்கள் முகத்தை மெழுகி, வானத்தை நீலமாக்கித் தருகின்றன. 808 அப்படிச் செய்வதில்லை. என்னை இதனுடன் கட்டிப்போட்டிருப்பது அந்த நேர்மைதான்.

சூமும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. சென்சரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வரை படம் கெடாது. பேரே வாவிக் கரையில் நின்று தாமரைக் கோபுரத்தின் மொட்டை எடுத்துப் பாருங்கள், தெரியும். ஆனால் முழுச் சூமுக்குப் போனால் ஏழு புள்ளிகள் சேர்வது இல்லாமல் போய்விடும், ஒன்றுக்கு ஒன்றுதான். அதனால் பின்னேரம் மங்கத் தொடங்கிவிட்டால் சூமைத் தொடாதீர்கள், நாலு அடி முன்னால் போங்கள்.

செனொன் பிளாஷ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிறந்தநாள் வீட்டில் ஓடித் திரியும் பிள்ளைகளை எல்ஈடி வெளிச்சத்தில் எடுத்தால் கையும் காலும் இழுபட்டு வரும். செனொன் ஒரு கணம் மின்னி ஆளை அப்படியே நிறுத்திவிடும். மின்வெட்டு நாட்களில் என் பெறாமகளின் நாலாவது பிறந்தநாள் வந்தது. மெழுகுதிரியை ஊதும்போது அவள் கன்னம் உப்பிய அந்தக் கணம் பிசகாமல் கிடைத்தது.

சத்தம் பதிவதிலும் இது கெட்டி. ஆடிவேல் தேர் காலி வீதியால் வரும்போது தவில்காரருக்கு இரண்டு அடி தள்ளி நின்று வீடியோ எடுத்தேன். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விழுந்த ஒவ்வொரு அடியும் பிரிந்து கேட்கிறது, கரகரப்பே இல்லை. தங்கச்சியின் புதுப் போனில் அதே இடத்தில் நாதஸ்வரம் மேலே போகப் போகத் தவில் உள்ளே அமுங்கிவிட்டது.

சரி, குறைகள். இரவில் காலிமுகத்திடலுக்கு இதைக் கொண்டு போகாதீர்கள். லென்ஸில் ஆட்டம் தாங்கும் வசதி இல்லை, பல படங்களை அடுக்கிச் சேர்க்கும் இரவு முறையும் இல்லை. இன்றைய நடுத்தர விலைப் போன்கூட அங்கே முந்திவிடும். எதிர்வெயிலில் முகம் கறுத்துவிடும், வெளிச்ச அளவைக் கையால் ஏற்ற வேண்டும். பதினைந்து சென்ரிமீற்றருக்குக் கிட்டப் போனால் போகஸ் பிடிக்காது. 360க்கு 640 திரையில் படம் சுமாராகத்தான் தெரியும், கணினியில் போட்டுப் பார்க்கும்வரை அதன் அருமை புரியாது. இணையத்தை மறந்துவிடுங்கள், பாதித் தளங்கள் திறப்பதில்லை.

பற்றரி கழற்றக்கூடியது, 1400 எம்ஏஎச். நல்ல விஷயம்தான், ஆனால் நல்ல பற்றரி கிடைப்பது கஷ்டம். புறக்கோட்டையில் ஒரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லித் தந்ததை வாங்கினேன். மூன்றாம் மாதம் பின்மூடி தானாகத் தூக்கிக்கொண்டு நின்றது, பார்த்தால் பற்றரி உப்பியிருக்கிறது. அன்றிலிருந்து பாவிக்காத நாட்களில் பற்றரியைக் கழற்றித் தனியாக வைக்கிறேன். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் சார்ஜ் துவாரம் பச்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை காய்ந்த தூரிகையால் துடைப்பேன்.

இரண்டாம் கையாக வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் கமராக் கண்ணாடியை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், கீறல் இருந்தால் வெளிச்சம் பரவிப் படம் வெளிறும். கமரா பொத்தானைப் பாதி அழுத்தும்போது போகஸ் பிடிக்கிறதா, பிளாஷ் தொடர்ந்து பத்துத் தரம் மின்னுகிறதா என்றும் பார்க்க வேண்டும். போனாக மட்டும் வேண்டுமென்றால் இதற்குக் காசைச் செலவழிக்க வேண்டாம். வீட்டு மனிதரைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து, அச்சடித்துச் சுவரில் மாட்டுகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம்.

போன கிழமை அப்பாவை அதே பல்கனியில் இருத்தி 38 மெகாபிக்சலில் நாலு படம் எடுத்தேன். சவரம் செய்யவில்லை, வேண்டாம் என்றார். பரவாயில்லை, அப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டேன்.