லிட்டில் இந்தியாவா, தெலுக் ஆயரா? சிங்கப்பூரில் அந்த அரை நாள்

சிங்கப்பூருக்கு நாலைந்து நாள் போகிறவர்கள் மெரினா பே, செந்தோசா என்று திட்டம் போட்டு முடித்தபின் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் அரை நாள்தான். பழைய சிங்கப்பூரைப் பார்க்க அதை எங்கே செலவிடலாம்? லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகிய மூன்றுமே கப்பலேறி வந்தவர்கள் உருவாக்கிய பகுதிகள். தமிழர்கள் யோசிக்காமல் லிட்டில் இந்தியாவைச் சொல்வார்கள். நான் சொல்வது சைனாடவுனின் கடலோர விளிம்பில் இருக்கும் தெலுக் ஆயர் தெருவையும், அங்கிருந்து நடந்தே போகக்கூடிய சவுத் பிரிட்ஜ் சாலையையும். எனக்கும் இந்தத் தேர்வைச் செய்யவேண்டி வந்தது. இந்தப் பக்கம் போனதில் முழுத் திருப்தி.

கம்போங் கிளாமை முதலில் சொல்லிவிடுகிறேன். 1932-இல் கட்டி முடித்த சுல்தான் பள்ளிவாசலின் தங்கநிறக் குவிமாடமும் அதன் முன்னால் நீளும் தெருவும் பார்க்க மிக அழகு. குவிமாடத்தின் அடியில் கருப்பு வளையமாகத் தெரிவது, எளியவர்கள் தங்கள் பங்காகக் கொடுத்த கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். ஆனால் அந்தப் பகுதியை நான் மாலை நேரத்தில் மட்டுமே பார்த்தேன். ஹாஜி லேன் முழுக்க உடைக்கடையும் காப்பிக்கடையுமாக இருந்தது. பகலில் வேறு முகம் இருக்கலாம், அதனால் என் தீர்ப்பை அங்கே பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லிட்டில் இந்தியாவின் பலம் அது இன்றும் உயிரோடு இருப்பதுதான். தேக்கா சந்தையில் கறியும் மீனும் காயும் வாங்க ஊர்க்காரர்களே வருகிறார்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் கூட்டம் குறைவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து கட்டுமான வேலை செய்யும் இளைஞர்கள் அந்தத் தெருக்களை நிறைத்துவிடுகிறார்கள். இன்றைய புலம்பெயர் வாழ்க்கையைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஞாயிறு மாலைக்கு இணையாக நான் எதையும் சொல்லமாட்டேன். கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையமும் நன்றாக இருக்கிறது. சாப்பாட்டில் போட்டியே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் முதலில் இறங்கிய தமிழர்கள் குடியேறியது சிராங்கூனில் அல்ல. 1822-இல் தீட்டிய நகரத் திட்டத்தில் சூலியாக்கள் என்ற தமிழ் முஸ்லிம்களுக்கு ஆற்றோரத்தில் இடம் குறித்திருந்தார்கள். சிராங்கூன் பக்கம் வளர்ந்தது பின்னால்தான். 1840-களில் ஐரோப்பியர்கள் அங்கே குதிரைப் பந்தயத் திடல் அமைத்தார்கள், அப்புறம் மாட்டு வியாபாரம் பெருகியது, அதைச் சுற்றி இந்தியர்கள் கூடினார்கள். பஃபலோ ரோடு என்ற பெயர் அந்தக் காலத்து மிச்சம்.

எனக்கு இந்தத் தேர்வைத் தீர்மானித்துக் கொடுத்தது கடற்கரைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்க்கும் வரை தெலுக் ஆயர் தெருவே கரை. படகிலிருந்து இறங்கியவர்கள் கால் வைத்தது அங்கேதான். மழையிலும் புயலிலும் வாரக்கணக்கில் மிதந்து உயிரோடு கரை சேர்ந்தவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? சாமிக்கு நன்றி சொல்வார்கள். அந்த நன்றிகள் எல்லாம் ஒரே தெருவில் வரிசையாக நிற்கின்றன, வீட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

76-ஆம் எண், 1824-ஐச் சேர்ந்த ஃபுக் தாக் சி. ஹக்கா, கான்டனீஸ் மக்களின் கோயில், இப்போது சிறிய அருங்காட்சியகம். 140-ஆம் எண், நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியாக்கள் 1828-இல் தொடங்கி 1830-இல் முடித்தது. அடக்கத்தலம் நாகூரில் இருக்க, இது ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுப்பியது. கீழே மேற்கத்திய பாணித் தூண்களும் வளைவுகளும், மேலே சின்னச் சின்ன மினார்கள். அதைத் தாண்டினால் ஒரு சிறிய பசுந்திடல், அடுத்து 158-ஆம் எண்ணில் தியான் ஹோக் கெங். ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்த ஹொக்கியன் சீனர்கள் 1839 முதல் 1842 வரை கட்டிய, கடல்தெய்வம் மாஸுவின் கோயில். அதன் வார்ப்பிரும்புக் கிராதி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்தது. 192-இல் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் குடிசையாகத் தொடங்கியதால் குச்சுப் பள்ளி என்று பெயர் பெற்றது.

நாகூர் ஆண்டவரும் கடலோடிகளின் காவலர், மாஸுவும் கடலோடிகளின் காவல். நாகப்பட்டினத்துக்காரரும் ஃபூஜியன்காரரும் ஒரே பயத்தோடு கடல் கடந்து, ஒரே கரையில் இறங்கி, சில அடி தூரத்தில் தத்தம் நேர்த்திக்கடனைக் கட்டிடமாக எழுப்பியிருக்கிறார்கள். இதை எந்தத் தகவல் பலகையும் இல்லாமல் அந்த இடமே சொல்கிறது. லிட்டில் இந்தியாவில் எனக்கு இது கிடைக்கவில்லை. அங்கே நம்மவர்களை மட்டும் பார்க்கிறோம். இங்கே நம்மவர்கள் யாரோடு வந்து இறங்கினார்கள் என்பதையும் பார்க்கிறோம்.

பின்புறம் ஆன் சியாங் மேட்டைக் கடந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்குப் போனால் 218-இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், 1826. 244-இல் மாரியம்மன் கோயில், 1827. சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ரஃபிள்ஸோடு 1819-இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை தொடங்கியது. சைனாடவுனின் நடுவில் இருக்கும் மாஸ்க் ஸ்ட்ரீட், பகோடா ஸ்ட்ரீட், டெம்பிள் ஸ்ட்ரீட் மூன்றும் இந்த இரண்டு தமிழர் கட்டிடங்களால் பெயர் பெற்றவை. ஆண்டுதோறும் தீமிதிக்கு சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் இங்கேதான் நடந்து வருகிறார்கள். அந்த இரவை நான் பார்த்ததில்லை; பார்த்தவர்கள் சொல்வதை வைத்து, தீபாவளியை ஒட்டிப் போகிறவர்கள் தேதியை விசாரித்துக்கொள்வது நல்லது.

தெலுக் ஆயரின் குறை பெரியது, மறைக்கமாட்டேன். கடைவீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. அந்த வீடுகளில் இப்போது அலுவலகங்கள், உணவகங்கள், மதுக்கூடங்கள். கட்டிடங்களைப் பாதுகாத்தார்கள், குடும்பங்கள் இல்லை. தேக்காவில் கிடைக்கும் அந்தச் சந்தை இரைச்சலை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பிள்ளைகளுக்குச் சலிப்பாகவும் இருக்கலாம். சின்னக் குழந்தைகளோடு போய்ப் பார்த்த அனுபவம் எனக்கில்லை.

காலையில் தெலுக் ஆயர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கித் தொடங்குங்கள். மதிய உணவு நேரத்தில் அலுவலகக் கூட்டம் நடைபாதையை நிறைத்துவிடும். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல்களில் தொழுகை நடக்கும், அந்த நேரத்தைத் தவிர்க்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை இருந்தால் எல்லா வாசலிலும் சிக்கலின்றி நுழையலாம். மாரியம்மன் கோயிலில் முடித்தால் சைனாடவுன் எம்ஆர்டி பக்கத்திலேயே இருக்கிறது. வடகிழக்குத் தடத்தில் ஏறினால் சில நிமிடங்களில் லிட்டில் இந்தியா. சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.