42,600 குரோனர் போச்சு: ஸ்வீடனில் பாய்மரப் படகு வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

42,600 குரோனர். நம்ம ஊர்க் கணக்கில் மூன்றரை லட்சத்துக்கு மேல். இரண்டு வாரப் படகு வாடகை, முழுசாக முன்கூட்டியே கட்டினது, படகு தன்னுடையது என்று நடித்த ஒருவனிடம் அப்படியே போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் "சரி, விடு" என்று வீட்டிலேயே என்னை அமுக்கிவிடுவார்கள். படகைப் பிடித்த இணையதளத்தின் பெயரை இப்போதைக்குப் போடாதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். படகு வைத்திருப்பவரையும் வாடகைக்குத் தேடுபவரையும் கோத்துவிட்டு நடுவில் கமிஷன் எடுக்கும் தளம். ஜூலை மாதத்துக்குத் தேடினீர்கள் என்றால் உங்கள் கண்ணிலும் படும்.

நாங்கள் இருப்பது லிங்ஷோப்பிங். பக்கத்திலேயே பெர்க். யோத்தா கால்வாயில் ஏழு லாக்குகளை (இரண்டு பக்கமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டிகள்) ஒன்றையொட்டி ஒன்றாக அடுக்கி, தண்ணீரை நிரப்பி நிரப்பிப் படகை 18.8 மீட்டர் மேலே ஏற்றிவிடும் இடம். ஒவ்வொரு கோடையிலும் ஐஸ்கிரீமும் கையுமாகக் கரையில் நின்று அடுத்தவன் படகு ஏறுவதை வேடிக்கை பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. இந்த வருஷம் நாமே ஏறுவோம் என்று முடிவானது. ஓஸ்லோவில் இருக்கும் மச்சானுக்குப் படகோட்டும் சான்றிதழ் இருக்கிறது, அந்தத் தைரியம்.

குளிர்காலம் முழுக்க வரைபடத்தை விரித்துப்போட்டுத் திட்டம் போட்டோம். ஆர்கோசுண்ட் துறையில் படகை எடுப்பது. சங்க்ட் அன்னா தீவுகளுக்கு நடுவே சில இரவுகள். பால்டிக் கடலில் ஓதம், அதாவது தண்ணீர் ஏறி இறங்குவது, என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. பின்பக்கம் நங்கூரத்தைப் போட்டு, படகின் மூக்கைப் பாறையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். வீடு எதுவும் பக்கத்தில் இல்லாத தீவென்றால் ஓரிரு இரவு தங்க யாரிடமும் கேட்கவும் வேண்டாம், இந்த நாட்டில் அது எல்லோருக்குமான உரிமை. பிறகு ஸ்டேகெபோர்க் கோட்டை இடிபாட்டைத் தாண்டி, ஸ்லேட்பாக்கன் குடா வழியாக மேம் என்ற ஊர். அதுதான் கால்வாயின் கிழக்கு வாசல். அங்கிருந்து சோடர்ஷோப்பிங், ரோக்ஸன் ஏரி, பெர்க், மோட்டாலா. வேட்டர்ன் ஏரியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது. மொத்தக் கால்வாய் 190 கிலோமீட்டர், 58 லாக். அவ்வளவுக்கு எங்களுக்கு லீவு இல்லை. இதை வெட்டவைத்த பால்ட்சர் வான் பிளாட்டன் 1829இல் போய்ச் சேர்ந்தார், கால்வாய் முழுசாகத் திறந்தது 1832இல். அந்த மனுஷனுக்கே கொடுத்துவைக்கவில்லை, நமக்கா என்று இப்போது தோன்றுகிறது.

சரி, அந்த ஆளுக்கு வருகிறேன்.

34 அடி பாய்மரப் படகு, நீல நிறத் துணி மூடி, துப்புரவான படங்கள், தளத்தில் "சரிபார்க்கப்பட்ட உரிமையாளர்" என்று பச்சை முத்திரை. மலிவு என்று போய் விழவில்லை. மற்ற படகுகளின் விலைதான் இதற்கும். தளத்தின் செய்திப் பெட்டியில் பேச ஆரம்பித்தோம். அவனுக்குக் கால்வாயைப் பற்றி எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. தண்ணீருக்குள் 2.82 மீட்டர் வரை இறங்கும் படகுகளை உள்ளே விடுவார்கள், என் படகு 1.75தான், கவலையே வேண்டாம் என்றான். பாய்மரத்தைக் கழற்ற வேண்டாம், 22 மீட்டர் உயரம் வரை போகலாம், பாலங்கள் திறந்துவிடும் என்றான். மேலே ஏறும்போது லாக்குக்கு முன்னாலேயே ஒருத்தர் கயிறுகளோடு கரையில் குதித்துவிட வேண்டும், தண்ணீர் பொங்கிவரும்போது முன்கயிற்றை வின்ச்சில் (கயிறு சுற்றும் உருளையில்) இழுத்து இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு சுழன்றுவிடும் என்று பாடமே எடுத்தான். கழிவறைத் தொட்டியைக் கடலில் திறந்துவிடுவது 2015இலிருந்து தடை, அதனால் புது பம்ப் போட்டிருக்கிறேன் என்றான். சின்னவளின் எடை என்ன, லைஃப் ஜாக்கெட் அந்த அளவில் வாங்கி வைக்கிறேன் என்று கேட்டான் பாருங்கள், அங்கேதான் என் மனைவி "நல்ல மனுஷன்" என்றாள்.

மச்சானின் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொண்டான். 12 மீட்டர் நீளத்துக்கும் 4 மீட்டர் அகலத்துக்கும் உட்பட்ட படகுக்கு ஸ்வீடனில் உரிமமே வேண்டியதில்லை. ஆனாலும் "என் மன நிம்மதிக்கு" என்றான். நம்மிடம் தாள் கேட்பவன் திருடனாக இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? "மாப்பிள்ளை, இவன் விவரமான ஆளு, கட்டிடுங்க" என்றார் மச்சான். அதற்கு முன்பு வீடியோ காலும் பேசியாயிற்று. துறையில் நின்றபடியே படகை முன்னும் பின்னும் காட்டினான். முன்கயிற்றைக் கையில் பிடித்து முறுக்கைக் காட்டினான், நீல மூடியைத் தட்டிக் காட்டினான், உள்ளே சுத்தம் செய்ய ஆள் வந்திருக்கிறது என்றான். அந்த வீடியோவை நான் பதிவு செய்து வைத்திருக்கிறேன். கடைசிவரை அவன் கால் துறையின் பலகையில்தான் இருக்கிறது. ஒரு தடவைகூடப் படகுக்குள் வைக்கவில்லை.

42,600 குரோனரையும் தளத்தின் வழியாகவே, அவர்களுடைய பக்கத்திலேயே, கார்டில் கட்டினோம். தனியாக அனுப்பு, கமிஷன் மிச்சம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணம் தளத்திடம் இருக்கும், படகு கைக்கு வந்தபிறகுதான் உரிமையாளருக்குப் போகும் என்று போட்டிருந்தது. நல்ல ஏற்பாடு.

சனிக்கிழமை காலை நோர்ஷோப்பிங்கில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். மூட்டை முடிச்சு, அரிசி, பருப்பு, ஊறுகாய் பாட்டில் எல்லாம் கையில். அவனிடமிருந்து செய்தி: "ஆப்பில் 'பெற்றுக்கொண்டேன்' பட்டனை இப்போதே அழுத்திவிடுங்கள். காப்பீடு அப்போதுதான் தொடங்கும். துறையில் சிக்னல் மோசம்." தளத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கரையை விட்டுக் கிளம்பும் முன் அழுத்த வேண்டும், அப்போதுதான் காப்பீடு என்று அங்கேயும் அதேதான் எழுதியிருந்தது. அழுத்தினேன். 10:14.

ஆர்கோசுண்டில் படகு இருந்தது. அதே நீல மூடி, அதே இடம். அதில் வயதான தம்பதி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பதிவைக் காட்டினோம். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார், நிமிர்ந்து எங்கள் மூட்டைகளைப் பார்த்தார். "இது எங்கள் படகு. வாடகைக்கு விட்டதே இல்லை." மே மாதம் ஒருவன் வந்து விற்கிறீர்களா என்று கேட்டானாம், இல்லை என்றதும் போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்றானாம். அந்த அம்மா பிள்ளைகளுக்கு இலவங்கப்பட்டை ரொட்டி எடுத்துக் கொடுத்தார். எங்களைவிட அவர்கள்தான் நடுங்கிப்போயிருந்தார்கள். அவன் நம்பர் அணைந்து கிடந்தது, இன்றுவரை அப்படித்தான்.

இனிமேல்தான் கூத்து.

தளத்தின் உதவிக்கு எழுதினால் முதலில் பதில் சொல்வது எந்திரம். "உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்" என்கிறது. கத்திக் கத்தி ஒரு மனிதரைப் பிடித்தால், "படகை 10:14க்குப் பெற்றுக்கொண்டதாகப் பதிவாகியிருக்கிறது, தொகை உரிமையாளருக்குப் போய்விட்டது." அவர் உரிமையாளரே இல்லையே அம்மா என்றால், "உரிமையாளருடன் நேரடியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்." அந்தப் பச்சை முத்திரை எதைச் சரிபார்த்தது? ஆளின் அடையாள அட்டையையாம்; படகு யாருடையது என்பதை அல்லவாம்! காப்பீட்டிலாவது கொடுங்கள் என்றேன். அதற்கு வந்த பதிலை அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம்: காப்பீடு படகுக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும்தான், இந்த முன்பதிவில் சேதம் எதுவும் பதிவாகவில்லை. படகே இல்லாதபோது சேதம் எங்கிருந்து வரும்? 42,600 குரோனருக்கு நல்ல பத்திரமான படகு, ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மின்னஞ்சல், கீழே ஐந்து நட்சத்திரம், எங்கள் சேவையை மதிப்பிடுங்கள் என்று.

போலீசில் புகார் எண் வாங்கியாகிவிட்டது. பேங்கில் கார்டு பணத்துக்கு ஆட்சேபம் போட்டிருக்கிறேன். நீங்களே கைபேசியில் அடையாளம் காட்டி ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள் என்று அங்கேயும் இழுக்கிறார்கள். மச்சான் லீவு முடிந்து ஓஸ்லோ திரும்பிவிட்டார். பிள்ளைகள் பெர்க் பக்கம் போகவே வேண்டாம் என்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை, தோன்றுவதை மட்டும் போடுகிறேன். துறை அலுவலகத்துக்குப் போன் செய்து அந்த இடத்தில் நிற்கும் படகு யாருடையது, வாடகைக்கு விடுகிறாரா என்று கேளுங்கள். வீடியோவில் ஆளைப் படகுக்குள் ஏறச் சொல்லுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கால்வாய்க்குள் எஞ்சின்தானே எல்லாம். சாவி கையில் வராமல் எந்தப் பட்டனையும் தொடாதீர்கள், காப்பீடு, சிக்னல் என்று எவன் என்ன சொன்னாலும். முடிந்தவரை பதிவு செய்த வாடகை நிறுவனத்திடமே எடுங்கள். இங்கே நுகர்வோர் தகராறுகளைக் கேட்கும் அரசு வாரியம் நிறுவனத்தின் மேல் கொடுக்கும் புகாரைத்தான் எடுக்கும், தனியாள் தனியாளுக்கு விட்ட வாடகைக்கு வராது. தளம் "நாங்கள் வெறும் இடைத்தரகர்" என்று நழுவுவது இதை வைத்துத்தான். சான்றிதழ், பாஸ்போர்ட் நகல் அனுப்பினால் குறுக்கே பெரிதாகக் கோடு போட்டு, எதற்காக என்று எழுதி அனுப்புங்கள். மச்சானுடைய சான்றிதழை வைத்து அவன் இப்போது யாரிடம் படகோட்டியாக நடிக்கிறானோ தெரியாது.

இன்னொன்று. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மனைவி காட்டினாள். அதே படகு, அதே நீல மூடி, வேறு பெயர், அதே பச்சை முத்திரை. ஆகஸ்ட் முதல் வாரம் காலியாக இருக்கிறதாம், விலை 39,900. புகார் கொடுத்திருக்கிறேன், "பரிசீலிக்கிறோம்" என்று எந்திரம் பதில் போட்டிருக்கிறது. ஆர்கோசுண்டில் 34 அடிப் படகு என்று யாராவது பேசிக்கொண்டிருந்தால் பணம் கட்டும் முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், வீடியோவை அனுப்புகிறேன்.